நெல்லு ஸ்டோருக்குள் ஒரு குசினி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பழைய நெல்லு ஸ்டோர்கள் இன்னும் பல நிற்கின்றன. இப்போது வெட்டு மிஷினிலிருந்து இறங்கும் நெல்லை வயலிலேயே லொறியில் ஏற்றி விற்று விடுகிறோம். ஒரு வருட நெல்லைக் கட்டி வைக்கும் காலம் போய்விட்டது, கட்டடம் மட்டும் உறுதியாக இருக்கிறது. எங்களுடையது கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, அம்மப்பா 1960களில் கட்டியது. நீளம் 36 அடி, அகலம் 18 அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுவரின் உயரம் 11 அடி, மேலே ஓடு. சீதனமாக அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. 2019இல் அதை வீடாக்கினோம். குசினிக்கு நானே அளவு போட்டேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர் இரண்டு பேரின் ஸ்டோர்களுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று குசினிகளிலும் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் நெல்லுக்காகக் கட்டியது. நெல்லுக்கு வேண்டியது இருட்டும் அடைப்பும். சமைக்கிற ஆளுக்கு வேண்டியது வெளிச்சம், காற்று, தண்ணீர், நெருப்பு. இந்த நான்கையும் உள்ளே விட வேண்டும். ஆனால் ஸ்டோருக்கென்று இருக்கும் நல்ல குணங்கள், அதாவது உயரம், குளிர்ச்சி, ஈரம் ஏறாத நிலம், கெடக் கூடாது. எங்கள் ஸ்டோரின் அத்திவாரம் முற்றத்திலிருந்து மூன்றடி உயரம். 2011 ஜனவரி வெள்ளத்தில் அயல் வீடுகளில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, ஸ்டோர் நிலம் நனையவில்லை. படி ஏற அம்மாவுக்குக் கஷ்டம், குசினிப் பக்கத்தை மட்டும் இரண்டடி இறக்குவோம் என்று மேசன் சொன்னார். நான் விடவில்லை. படியை அகலமாக, ஆறு ஆறு அங்குல உயரத்தில் கட்டி, பக்கத்தில் ஒரு கைபிடிக் கம்பி வைத்தோம். இப்போது அம்மா தனியாக ஏறி இறங்குகிறார்.

சுவர் எதைக் குடித்திருக்கிறது என்று பாருங்கள்

குசினி என்றதும் எல்லோரும் டைல் கடைக்குத்தான் ஓடுகிறோம். அதற்கு முன் அந்த ஸ்டோரில் நெல்லைத் தவிர வேறு என்ன வைத்தார்கள் என்று வீட்டில் வயது போனவர்களிடம் கேளுங்கள். எந்த மூலையில், எந்தச் சுவரோடு என்று கேளுங்கள்.

எங்கள் தென்சுவரில் யூரியா மூட்டைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும், அதனால் என்ன வரும் என்பதுதான் தெரியவில்லை. பழைய பூச்சுக்கு மேலேயே சீமெந்து பூசி, இளம்பச்சை எனாமல் பெயின்ட் அடித்து, அலுமாரியும் மாட்டினோம். அடுத்த மாரியில் பெயின்ட் கொப்பளித்தது. ஒரு கொப்பளத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. ஊதினால் பறந்தது. அதற்குப் பின்னால் செங்கல் ஈர மாப்போல விரலோடு வந்தது. அலுமாரியின் முதுகுப் பலகை முழுக்கப் பூஞ்சணம்.

உரத்தின் உப்பு செங்கல்லுக்குள் ஊறிக் கிடக்கும். மாரியில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும், கோடையில் காய்ந்து கட்டியாகும். கட்டியாகும்போது பூச்சைத் தள்ளும். மேலே காற்றுப் போகாத பெயின்ட் இருந்தால் இன்னும் மோசம். வழி இதுதான்: உப்புப் பூத்த இடத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை பூச்சை உடைத்துச் செங்கல்லை வெளியே எடுங்கள். பூக்கும் உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, கீழே சாக்கு விரித்து அள்ளி, வளவுக்கு வெளியே கொண்டு போய்ப் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிசாகப் பூசி, ஒரு மாரியும் ஒரு கோடையும் அப்படியே விடுங்கள். அந்தப் பூச்சு உப்பைக் குடித்துக்கொண்டு உதிரும். உதிர்ந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டுத் திரும்பவும் சுண்ணாம்புப் பூச்சே பூசி, வெள்ளை அடியுங்கள். அந்தச் சுவரில் டைல், எனாமல், ஒட்டி மாட்டும் அலுமாரி மூன்றும் வேண்டாம். எங்கள் தென்சுவரில் இப்போது ஒரு ஆணி மட்டும் இருக்கிறது, அதில் சுளகு தொங்குகிறது.

வயலுக்கு அடிக்கும் மருந்து வைத்த மூலை இருந்தால் அது வேறு கதை. அந்த இடத்து நிலத்தைக் கழுவி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உடைத்து அள்ளி, மண்ணையும் அரையடி எடுத்து, தடித்த பொலித்தீன் விரித்துப் புதிதாகக் கொங்கிறீட் போடுங்கள். முடிந்தால் குசினியை அந்த மூலைக்குப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் காய்ந்தபடி கூட்டவோ, துளையிடவோ, வாளால் அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். கழற்றுவதென்றால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுச் சீற்றாக இறக்க வேண்டும். ஓடு என்றால் பயமில்லை. ஆனால் ஓட்டுக்குக் கீழே சுவர்மேல் கிடக்கும் தீராந்தியும் சரிவாக இறங்கும் கைமரமும் சந்திக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி இந்தக் கரையில் விட்டு வைத்த கூரை கொஞ்சம்தான். எங்கள் ஸ்டோரின் ஓடு அத்தனையும் போனதாம். பிறகு அம்மப்பா ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டியால் சுவர்த் தீராந்தியோடு கட்டினார். அந்தப் பட்டிகளில் ஏழு துருப்பிடித்து இற்றுப் போயிருந்தன, மாற்றினோம்.

அடுப்பு எங்கே

அம்மாவுக்கு அக்கினி மூலை வேண்டும், தென்கிழக்கு. நான் காற்றைக் கேட்க வேண்டும் என்றேன். கடைசியில் இரண்டும் பாதிக்குப் பாதி ஒத்து வந்தது. ஆனி, ஆடியில் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது தென்கிழக்கு மூலைப் புகை கிழக்கே வெளியே போய்விடும். மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், அப்போது அதே புகை வீட்டுக்குள் திரும்பும். ஆகவே ஒரு காற்றை மட்டும் பார்த்து அடுப்பு வைக்கக் கூடாது. என் மச்சாள் ஆடி மாதத்தில் பார்த்து முடிவெடுத்தார். முதல் மார்கழியிலேயே படுக்கையறையில் இருமத் தொடங்கினார்கள்.

பார்ப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மண்சட்டியில் தணலைப் போட்டு, மேலே கொஞ்சம் ஈரத் தேங்காய்ப் பொச்சைப் போட்டுப் புகைய விட்டு, அடுப்பு வைக்க நினைக்கும் இடத்தில் வையுங்கள். நீங்கள் நடு அறையில் கதிரை போட்டு உட்காருங்கள். காலை, மதியம், பொழுதுபடும் நேரம் மூன்று தரம் பாருங்கள். புகை எந்த உயரத்தில் திரும்புகிறது, எந்த யன்னலைத் திறந்தால் போகிறது, எதைத் திறந்தால் உள்ளே தள்ளுகிறது என்று சுவரில் கரியால் குறித்துக்கொள்ளுங்கள். கச்சானில் ஒரு தரம், வாடையில் ஒரு தரம். ஆறு மாதம் பொறுக்க வேண்டி வரும், பரவாயில்லை, பொறுங்கள். எங்களுக்கு வாடைப் பக்கம் கிழக்குச் சுவர் யன்னலுக்கு இறுக்கமாக மூடும் பலகைக் கதவும், தெற்கே கூரையோரம் ஒரு வலை அடித்த துவாரமும் போட்டதோடு சரியாகிவிட்டது.

விறகடுப்பு தேவையா என்று கேட்பார்கள். நானும் கேட்டவள்தான். கேஸ் இருக்கும்போது எதற்குப் புகை என்றேன், அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். 2022இல் கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டில் ஒரு நாளும் அடுப்பு அணையவில்லை. அயலில் இரண்டு வீட்டுக்கும் எங்கள் அடுப்பில்தான் பிட்டு அவிந்தது. அந்த நாட்களில் அம்மா சொன்னதைக் கேட்டதற்காக எத்தனையோ தரம் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். இடம் இருக்கிற ஸ்டோரில் இரண்டையும் வையுங்கள்.

விறகடுப்புக்குத் திறந்த மூன்று கல்லை விட, இரண்டு சட்டி வைக்கும் அனகி மண் அடுப்பு நல்லது. ஒரே வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டிக்கும் சூடு போகும். சுற்றிவரக் களிமண்ணும் உமியும் குழைத்து மெழுகினால் உடையாமல் கிடக்கும், சூடும் நிற்கும். மேலே புகைகூடு கட்டும்போது அதன் வாய் அடுப்புத் திண்டை விட நாலு பக்கமும் அரையடி அகலமாக இருக்க வேண்டும். மேலே போகும் குழாய், கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர வேண்டும். குழாயிலிருந்து பத்தடித் தூரத்துக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதை விட இரண்டடி மேலே நிற்க வேண்டும். குட்டையாக விட்டால் முகட்டில் மோதி இறங்கும் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். ஸ்டோரின் முகடு உயரம் என்பதால் குழாயும் நீளமாகத்தான் வரும். மேசன் அலுத்துக்கொள்வார். குறைக்க விடாதீர்கள்.

கேஸ் சிலிண்டரை உள்ளே வைக்காதீர்கள். கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் நிலத்தோடு பரவி மூலையில் தங்கும். ஸ்டோரின் யன்னல்கள் எல்லாம் ஆளுயரத்துக்கு மேலே இருப்பதால் அது வெளியே போக வழி இராது. சுவருக்கு வெளியே, நிழலில், கம்பிக் கூட்டுக்குள் சிலிண்டரை வைத்து, சுவரினூடாகக் குழாய் எடுங்கள். அடுப்புக்குக் கீழே நிலமட்டத்தில் வலை அடித்த ஒரு துவாரமும் விடுங்கள்.

பெரிய அறை என்று நம்பி ஏமாறாதீர்கள்

36 அடி நீள அறை கையில் கிடைத்ததும் சிங்க்கை ஒரு சுவரில், அடுப்பை இன்னொரு சுவரில், பிரிட்ஜை வாசலருகே என்று பரப்பி வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் ஒரு நேரச் சோற்றுக்குள் கால் கடுத்துப் போகும். அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் மூன்றுக்கும் இடையில் ஒவ்வொரு தூரமும் நாலு அடியிலிருந்து ஒன்பது அடிக்குள் இருக்கட்டும். மூன்றையும் கூட்டினால் 26 அடியைத் தாண்டக் கூடாது. நாங்கள் தென்கிழக்கு மூலையில் 12 அடிக்கு 11 அடி மட்டும் குசினிக்கு எடுத்து, மூன்றரை அடி உயர அரைச்சுவரால் பிரித்தோம். மேலே முழுக்கத் திறந்தபடி விட்டோம், கூரையின் உயரத்தை மறைக்க மனம் வரவில்லை. நடுவில் நடக்கும் இடம் நாலு அடி. கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்கு வீடு நிறையச் சொந்தம் வரும், அப்போது மூன்று பெண்கள் ஒன்றாக நின்று சமைத்தாலும் முழங்கை இடிபடாது.

கல் வைக்கும் முன் நிலத்தில் சோக்கால் கீறி, காலிப் பெட்டிகளை அடுப்பாகவும் சிங்க்காகவும் வைத்து, ஒரு மீன் கறியும் சோறும் சமைப்பது போல் நடந்து பாருங்கள். அரிசி எங்கே எடுப்பேன், எங்கே கழுவுவேன், தேங்காய் எங்கே திருவுவேன், சுடுபானையை எங்கே இறக்குவேன். சுடுபானை இறக்க இடமில்லாமல் ஒரு படத்தைத் திரும்பக் கீற வேண்டி வந்தது. அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் குறைந்தது இரண்டடித் திட்டு கட்டாயம்.

திட்டின் உயரத்தை மேசனிடம் விடாதீர்கள். அவருக்குப் பழகிய உயரம் ஒன்று இருக்கும், அது உங்களுடையதல்ல. நிமிர்ந்து நின்று முழங்கையை மடியுங்கள். முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே திட்டின் மேல்மட்டம். எனக்கு 34 அங்குலம் வந்தது, அம்மாவுக்கு 31. மூன்றடி நீளத்துக்கு ஒரு துண்டை மட்டும் 31இல் தாழ்த்திக் கட்டினோம், காய் நறுக்குவது அங்கேதான். அடுப்புத் திண்டுக்குக் கணக்கு வேறு: பானையின் வாயை அளக்க வேண்டும். மண் அடுப்பும் அதன் மேல் சோற்றுப் பானையும் சேர்ந்தால் ஒன்றரை அடி வந்துவிடும். ஆகவே திண்டு 20 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் கை தூக்கித் தூக்கியே தோள் போகும்.

மேல்மட்டத்துக்குக் கிறனைட் கையில் காசிருந்தால் போடுங்கள். வெறும் சீமெந்தை மினுக்கி விட்டால் புளியும் தேசிக்காய்ச் சாறும் பட்ட இடமெல்லாம் அரித்துச் சொரசொரப்பாகும். வெள்ளை டைல் என்றால் இடுக்குகளில் மஞ்சள் கறை போகவே போகாது, இடுக்குப் பூச்சைக் கடும் நிறத்தில் எடுங்கள்.

திட்டுக்குக் கீழே கதவு போட்டு மூடாதீர்கள் என்பது என் கருத்து. மூடிய இடத்தில் எலியும் கறையானும் குடியிருக்கும், குனிந்து பார்த்தால் கண்ணில் படும்படி இருக்கட்டும். தட்டுகளுக்குப் பாலையோ முதிரையோ நல்லது. மரக்கால் நிலத்தில் நேரே படாமல், கீழே ஒரு துண்டுக் கல் வைக்கும்படி தச்சு வேலை செய்யும் ஓடாவியிடம் சொல்லுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஸ்டோர்களில் எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும், நெல்லு வாசத்துக்குப் பழகிய எலிகள் வருடக்கணக்காக அந்த வழியால்தான் வருகின்றன. எலியைத் தேடிப் பாம்பும் வரும். கால் அங்குலக் கண் வலையால் சுற்றிவர அடியுங்கள். காற்று வரும், எலி வராது.

யானை வரும் ஊர்களில் இன்னொன்று கவனம். வெல்லாவெளிப் பக்கமும் உன்னிச்சைப் பக்கமும் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நெல், அரிசி, உப்பு வாசத்துக்கு யானை சுவரை இடிக்கும். அந்தச் சாமான்களை வெளிச்சுவரோடு வைக்காமல், மூடி இறுகும் பீப்பாய்களில், வீட்டின் நடுச்சுவர்ப் பக்கம் வையுங்கள். யாரும் படுக்கும் இடத்தோடு ஒட்டி வைக்கக் கூடாது.

வெளிச்சமும் தண்ணீரும்

புதிய யன்னல் உடைக்கும்போது சுவர் மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, மேலே தீராந்தி வந்து உட்காரும் இடத்தை விட்டு விலகி உடையுங்கள். முதலில் முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆறு அங்குலமாவது சுவரில் ஏறும் லிண்டல் போட்ட பிறகே கீழே கல்லை எடுக்க வேண்டும். பழைய செங்கல் சுவர் தாங்கும் என்று நம்பி அவசரப்பட்டு உடைத்து, கூரையோடு விரிசல் விட்ட ஸ்டோரை நான் பார்த்திருக்கிறேன்.

யன்னலை விட எங்களுக்கு வெளிச்சம் தந்தது கண்ணாடி ஓடு. கிழக்குச் சரிவில், திட்டுக்கு நேர் மேலே, நாலு ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போட்டோம். மேற்குச் சரிவில் போடாதீர்கள், பின்னேர வெயில் அடுப்புச் சூட்டோடு சேர்ந்து ஆளை நிற்க விடாது. காலை ஒன்பது மணிக்கு அந்த வெளிச்சம் திட்டில் நாலு கட்டமாக விழும். அம்மா சுளகை அதற்குள் இழுத்து வைத்து அரிசியில் கல் பொறுக்குவார். கட்டம் நகர நகரச் சுளகும் நகரும். மூக்குக்கண்ணாடி போடாமலே பொறுக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

தண்ணீர்க் குழாயை விடக் கழிவுக் குழாயைத்தான் கவனிக்க வேண்டும். ஓரடிக்குக் கால் அங்குலம் சரிவு. ஸ்டோர் நிலம் உயரம் என்பதால் சரிவு தாராளமாகக் கிடைக்கும். நேரே வாழைப் பாத்திக்கு விட்டால் எண்ணெய் படிந்து மண் இறுகி நாறும். நடுவில் மூடியுள்ள சின்னத் தொட்டி ஒன்று கட்டி, எண்ணெய் மேலே மிதக்க, கீழ்த் தண்ணீர் மட்டும் பாத்திக்குப் போகும்படி விடுங்கள். மாதம் ஒரு தரம் மேலே மிதப்பதை அள்ள வேண்டும். கிணற்றுப் பக்கம் போகவே கூடாது.

மீன், இறால், நண்டு எல்லாம் வெளியே. நெல் சூடடிக்கும் களவெட்டிப் பக்கம் சாய்ப்பாகப் பத்தி ஒன்று இறக்கி, அங்கே ஒரு பைப், ஒரு குந்து, மீன் வெட்ட ஒரு பலகை வைத்தோம். உரலும் அம்மியும் அங்கேதான். உலக்கை போடும் நிலத்துக்கு டைல் வேண்டாம், வெடித்துவிடும். ஸ்டோரின் பழைய இரட்டைக் கதவை மாற்றாமல் வைத்து, பத்திக்குப் போகும் வாசலில் ஓர் அரைக்கதவு போட்டால் காற்றும் வரும், ஆடும் கோழியும் வராது.

மின்சாரத்துக்குக் குசினிக்கென்று தனி வயர் இழுங்கள், 30 மில்லி ஆம்ப் மின்சாரம் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். வயரெல்லாம் குழாய்க்குள் போகட்டும், எலி கடிக்கும். பிளக்குகள் சிங்க்கிலிருந்து மூன்றடிக்கு அப்பால்.

வேலையை எப்போது தொடங்குவது என்றால், மாரிப் போக வெட்டு முடிந்து பங்குனி கடந்ததும் கூரையில் ஏறுங்கள். வெட்டு நடக்கும்போது கூலிக்கு ஆள் கிடைக்காது. ஆவணிக்குள் ஓடு, கண்ணாடி ஓடு, புகைக்குழாய் மூன்றும் முடிய வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கினால் திறந்த கூரையை மூட முடியாது. புகைக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில்தான் எப்படியும் முதலில் ஒழுகும். முதல் பெருமழை நாளில் கையில் சோக்கோடு குசினியில் நில்லுங்கள். சொட்டு விழும் ஒவ்வொரு இடத்திலும் நிலத்தில் ஒரு வட்டம் போட்டு, திகதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்களுக்கு முதல் மாரியில் ஐந்து வட்டம் வந்தது. தை மாதத்தில் ஓடு காய்ந்ததும் வட்டத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள், தண்ணீர் ஓட்டைத் தாங்கும் சிலாகையோடு ஓடி வந்து கீழே விழுந்திருக்கும், முகட்டுப் பக்கமாக இரண்டு மூன்று ஓடு மேலே ஏறிப் பாருங்கள்.